காது வளைந்திருந்தால் மார்வாரிக் குதிரை ஆகிவிடுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். தலைமுறையாக மாடு வளர்க்கிற குடும்பம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினேன். மூன்று வயசு, சுத்தமான ராஜஸ்தான் மார்வாரி இனம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காது நுனி இரண்டும் தொட்டுக்கொள்ளும். மயிர்ச் சுழியும் பார்த்தாகிவிட்டது, குறை இல்லை. முன்னங்கால் மட்டும் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்கும். ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் நல்ல உயரமான வெள்ளை ஆண் குதிரை வைத்திருக்கிறார். அதோடு சேர்த்துக் குட்டி எடுத்தால் நல்ல விலை போகும் என்கிறார்கள். என் குதிரைக்குப் பேப்பர், அதாவது இனப் பதிவுச் சான்று, கிடையாது. குட்டி பிறந்த பிறகு மார்வாரி என்று பதிவு செய்து பேப்பர் வாங்க என்ன வழி?

பதில்: தம்பிக்கு வணக்கம்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்கிற இந்தச் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு மார்வாரிப் பேப்பர் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். பேப்பரை விடுங்கள், இந்த வருஷம் இந்தக் குதிரையைச் சேர்க்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆசையாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் காரணங்களை விளக்கமாகவே எழுதுகிறேன்.

குட்டி பிறந்த பிறகு பேப்பர் வாங்குவது எப்படி என்று கேட்கிறீர்கள். நம் பக்கத்தில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் குதிரைப் பதிவு பொதுவாக அந்த வரிசையில் நடப்பதில்லை. பதிவேட்டின் வேலை, இந்தக் குட்டியின் தாய் இது, தகப்பன் இது என்று சாட்சி சொல்வது. தாய் யார் என்றே எழுத்தில் இல்லாதபோது குட்டிக்கு யார் சாட்சி சொல்வது? அதனால் தாயும் தகப்பனும் முதலில் பதிவாகியிருக்க வேண்டும். சேர்த்த தேதியை எழுதி, பொலிகுதிரைக்காரர், அதாவது சேர்க்கைக்கு விடும் ஆண் குதிரையின் சொந்தக்காரர், கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். குட்டி பிறந்ததும் குறித்த காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பந்தயக் குதிரைகளான தரோபிரெட் இனத்தில் இது மிகக் கறார். 1791-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சான பதிவேட்டிலிருந்து வரும் வம்சம் அது. தாய், தகப்பன் இருவரும் பதிவான தரோபிரெட்டாக இருக்க வேண்டும், சேர்க்கை இயற்கையாக நடந்திருக்க வேண்டும், டிஎன்ஏ பொருந்த வேண்டும். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை உலகில் எங்கேயும் தரோபிரெட்டாகப் பதிய மாட்டார்கள். நம் நாட்டில் அந்த இனத்துக்கான பதிவேடு புனேயில் இருக்கிறது.

மார்வாரிக்கு வருவோம். இனம் பழையது, பதிவேடு புதியது. ஜோத்பூரைச் சுற்றிய மார்வார் நாட்டுக் குதிரை நூற்றாண்டுகளாக அங்கே இருந்தாலும், முறையான பதிவு 2009 வாக்கில்தான் தொடங்கியது. மார்வாரி ஹார்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா அரசு அங்கீகாரம் பெற்ற பதிவு அமைப்பாக அறிவிக்கப்பட்டதும் அப்போதுதான். இந்த இனத்துக்கென்று வகுத்த இலக்கணத்தோடு குதிரையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அளவெடுப்பார்கள், அடையாளங்களைக் குறிப்பார்கள், படம் எடுப்பார்கள். தேறினால் பதிவு எண்ணைக் குளிர்முத்திரையாக, அதாவது சூட்டுக்கோலுக்குப் பதில் கடுங்குளிரூட்டிய இரும்பால், உடம்பில் பதிப்பார்கள். உங்கள் குதிரைக்கு ஏதாவது வழி உண்டென்றால் இந்தப் பரிசோதனைதான். பெற்றோர் பதிவு இல்லாத குதிரையை இப்போது ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்களா, என்னென்ன வேண்டும் என்பதை அவர்களிடமே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். புரோக்கர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

காது விஷயத்தில் நம் ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள். வளைந்த காது மார்வாரிக்கு மட்டும் சொந்தமில்லை. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்த கத்தியவாரிக்கும் அதே காதுதான், இன்னும் கூடுதலாகவே வளைந்திருக்கும். இவற்றோடு கலந்து பிறந்த குதிரைகளிலும் காது ஓரளவு வளைந்து வரலாம். காதை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாது. உயரம், கழுத்து சேரும் விதம், நெஞ்சு, கால், நடை எல்லாம் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

சுழி பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். மார்வாரிலும் சுழி நம்பிக்கை உண்டு; கழுத்தில் நீண்டு ஓடும் சுழியை அங்கே பெரிய யோகமாகச் சொல்வார்கள். ராசி பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் சுழிக்கு இன்னொரு பயன் இருக்கிறது. குதிரையின் சுழி பிறந்ததிலிருந்து சாகும்வரை இடம் மாறாது. நம் கைரேகை போல ஒவ்வொரு குதிரைக்கும் அது தனி. அதனால்தான் அடையாளப் படிவத்தில் சுழி எங்கே இருக்கிறது என்று வரைந்து காட்டச் சொல்கிறார்கள். உங்கள் குதிரையின் எல்லாச் சுழிகளையும் ஒரு தாளில் குறித்து, நாலு பக்கமும் படம் எடுத்து இன்றைக்கே வையுங்கள்.

அந்த வெள்ளைக் குதிரையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதன் கண்ணைச் சுற்றியும் மூக்கு நுனியிலும் தோல் என்ன நிறம்? கறுப்பாக இருந்தால் அது சாம்பல் நிறக் குதிரையாக இருக்கலாம். சாம்பல் குதிரை பிறக்கும்போது கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, வயசு ஏற ஏற வெளுக்கும். தோல் மட்டும் கறுப்பாகவே நிற்கும். மார்வாரியில் சாம்பல் நிறத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. தோல் இளஞ்சிவப்பாக இருந்து, பிறந்ததிலிருந்தே வெள்ளை என்றால் அது நுக்ரா என்று சொல்கிற வகை. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் காரியத்துக்கும் அதற்குக் கிராக்கி அதிகம். ஆனால் அப்படிப்பட்ட வெள்ளைக் குதிரைகளை மார்வாரிப் பதிவேட்டில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதோடு, இளஞ்சிவப்புத் தோல் நம் வெயிலில் பொசுங்கும். கண்ணோரத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கறுத்த தோல் குதிரையைவிட அதிகம். ஊர்வலத்தில் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக அந்தத் தொல்லையைக் குட்டிக்கும் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இப்போது முன்னங்கால். 'லேசாக' என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். குளம்பு உள்பக்கம் திரும்பிய காலில் உடம்பின் பாரம் சமமாக இறங்காது, ஒரு பக்கத்து மூட்டும் குளம்பும் கூடுதலாகச் சுமக்கும். மூன்று வயசில் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆளை ஏற்றி, வேலை வாங்கி, சில வருஷம் போனால் கணுக்கால் வீங்கும், எலும்பு வளரும், நொண்டும். லாடம் சரியாக அடிக்காததால் வந்த கோணலா, பிறவியிலேயே வந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். முன்னாலிருந்து நேராகப் பார்த்தால், திருகல் தோளிலிருந்தே வருகிறதா, முட்டியிலிருந்தா, கணுவுக்குக் கீழே மட்டுமா என்பது அனுபவப்பட்டவருக்குப் புலப்படும். பிறவிக் கோணலாக இருந்தால் குட்டிக்கும் வர வாய்ப்பு இருக்கிறது. ஆண் குதிரையின் கால் நேராக இருந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படிக் கணக்குப் போட்டு நடப்பதில்லை தம்பி. உங்கள் வீட்டில் பொலிகாளைக்குக் கன்று ஒதுக்கும்போது, கால் கோணலான கன்றை உங்கள் தாத்தா விட்டு வைத்திருப்பாரா? அதே கண்ணோடு இந்தக் குதிரையையும் பாருங்கள்.

மூன்று வயசு என்பதும் விற்றவர் சொன்னதுதான். வாயைத் திறந்து பாருங்கள். முன்பல்லில் நடு ஜோடி பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது இரண்டரை வயசில்; அடுத்த ஜோடி மூன்றரையில்; கடைசி ஜோடி நாலரையில். நடு ஜோடி மட்டும் மாறியிருந்தால் அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அது இன்னும் வளர்கிற பிள்ளை. சினை பிடிக்கும்தான், ஆனால் வளர வேண்டிய தன் உடம்புக்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஒரே தீனியிலிருந்து பங்கு போக வேண்டியிருக்கும். நாலு வயசாவது முடியட்டும். அதுவரை சேணம் பழக்கி, நடை பழக்கி, குணம் எப்படி என்று பாருங்கள். முரட்டுத்தனமும் மிரட்சியும் வளர்ப்பில் மட்டும் வருவதில்லை. ஆளைக் கடிக்கிற, உதைக்கிற தாயிடம் குட்டி எடுப்பதை நான் எப்போதும் தடுப்பேன்.

பேப்பருக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவது விலைக்காக இல்லை. பேப்பர் இல்லாத இரண்டு குதிரைகள் சொந்தமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நம் சந்தைகளுக்கு வடக்கிலிருந்து குதிரை கொண்டுவருகிறவர்கள் ஒரே பண்ணையிலிருந்து பலவற்றை வாங்கி வருவது உண்டு. உங்கள் பெண் குதிரைக்கும் பக்கத்து ஊர் ஆண் குதிரைக்கும் தகப்பன் ஒன்றாகவே இருக்கலாம். அப்படி ஒரே தகப்பன் பிள்ளைகளைச் சேர்த்தால் குட்டியின் உட்கலப்பு விகிதம் (ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு) 12.5 சதவீதம், தகப்பனையும் மகளையும் சேர்த்தால் 25 சதவீதம். மறைந்து கிடக்கிற குறைகள் வெளியே வருவது இப்படித்தான். நெதர்லாந்தின் ஃப்ரீசியன் குதிரைக்கு இது நேர்ந்தது. 1879-லேயே பதிவேடு தொடங்கிய இனம் அது. 1913 வாக்கில் மூன்றே மூன்று பொலிகுதிரைகள்தான் மிச்சம். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து இனத்தை மீட்டுவிட்டார்கள், ஆனால் குள்ளத்தனமும் தலையில் நீர் கோக்கும் நோயும் கூடவே வந்துவிட்டன. இன்று அங்கே பொலிகுதிரைகளுக்கு அந்த மரபணுச் சோதனை நடக்கிறது.

பேப்பர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் இம்ப்ரெசிவ் என்று ஒரு பொலிகுதிரை, 1969-ல் பிறந்தது. அதன் தசைக்கட்டைப் பார்த்து எல்லோரும் மயங்கினார்கள். 1974-ல் உலகச் சாம்பியன் பட்டமும் வாங்கியது. அப்புறம் அதன் வித்து ஆயிரக்கணக்கில் பரவியது. எல்லாக் குட்டிக்கும் சுத்தமான பேப்பர். ஆனால் அந்தத் தசைக்கட்டோடு ஒரு நோயும் சேர்ந்து போனது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறித் தசை நடுங்கும், குதிரை விழும், சில சமயம் செத்தே போகும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே போதும். 1990-களின் தொடக்கத்தில் சோதனை வந்துவிட்டது. ஆனாலும், இரண்டு பக்கமும் அந்த மரபணு வாங்கிய குட்டியைப் பதிய மாட்டோம் என்று விதி போட்டது 2007-ல் பிறந்த குட்டிகளிலிருந்துதான். ஒரு பக்கம் மட்டும் உள்ளவற்றைத் தொடர்ந்து பதிந்தார்கள். பணம் புரளும் இடத்தில் விதி மெதுவாகத்தான் வரும். அதற்கு முன்னால் நிறுத்தக்கூடியவர் குதிரை வைத்திருப்பவர் ஒருவர்தான். நான் மார்வாரிக்காரர்களிடமும் இதையே சொல்கிறேன். ஒரு போட்டியில் ஜெயித்த ஒரே பொலிகுதிரையின் பின்னால் எல்லோரும் ஓடினால் பத்து வருஷத்தில் எல்லாக் குட்டியும் அண்ணன் தங்கையாகிவிடும்.

உயரத்துக்கு ஆசைப்பட்டு, பந்தயத்திலிருந்து கழித்த தரோபிரெட் ஆண் குதிரையோடு சேர்க்கச் சொல்லியும் யாராவது வருவார்கள். குட்டி உயரமாகப் பிறக்கலாம். ஆனால் மார்வாரிப் பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை, தரோபிரெட் பதிவேட்டிலும் இடமில்லை. ஜெர்மனியின் ஹானோவர் குதிரை போன்ற சில இனங்களில் வேறு ரத்தத்தை ஆய்வு செய்து ஏற்பார்கள். அங்கே அதற்கென்று தேர்வும், குட்டிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. மார்வாரிக்குக் கலப்பு ஒரு பழைய காயம். அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பதிவேடே வந்தது.

நாட்டுக் குதிரை குறைந்துகொண்டே வருகிறதே, நாமும் குட்டி எடுத்தால் இனம் பெருகுமே என்று நீங்கள் கேட்கலாம். குறைவது உண்மைதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரை, மட்டக்குதிரை எண்ணிக்கை 2019-ல் ஏறக்குறைய 3.4 லட்சமாக இறங்கிவிட்டது. ஆனால் பதிவில்லாத தாய்க்கும் யாரென்று தெரியாத தகப்பனுக்கும் பிறக்கிற குட்டி மார்வாரி இனத்தில் ஒன்றைக் கூட்டுவதில்லை. இனத்தைக் காக்கும் வேலை தீவிரமாக நடக்கிற இடம் வேறு. ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அதன் பிரிவு ராஜஸ்தானின் பிகானீரில். 2023 மே மாதம் அங்கே கருமாற்று முறையில் ஒரு மார்வாரிப் பெண்குட்டி பிறந்தது. ராஜ் பிரதமா என்று பெயர் வைத்தார்கள். ஒரு தாயின் கருவை எடுத்து வேறொரு தாயின் வயிற்றில் வைத்து வளர்க்கும் காலம் வந்துவிட்டது. ஈன்றதைப் பார்த்து இதுதான் தாய் என்று சொல்லவே முடியாது. இனிமேல் டிஎன்ஏதான் பேசும். அதற்கு மாதிரி எடுப்பது பெரிய வேலை இல்லை, பிடரி மயிரை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு அனுப்பினால் போதும்.

பின்னால் ஒரு நாள், தாய் தேறி, நல்ல பதிவான பொலிகுதிரையும் கிடைத்து, சேர்ப்பது என்று முடிவானால் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். மாட்டுப் பழக்கத்தில் குதிரையைப் பார்த்தால் தப்பாகிவிடும். சேர்க்கைக்கு முன் இரண்டு குதிரைக்கும் கிளாண்டர்ஸ் நோய்க்கும் குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கொன்று புதைக்க வேண்டியதுதான். சினை பதினொரு மாசம், சராசரியாக 340 நாள். சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பார்க்க வேண்டும். இரட்டைக் கரு இருந்தால் அப்போதுதான் ஒன்றை எளிதாக நீக்க முடியும். விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும், சில சமயம் தாயும் சேர்ந்து. குட்டி போட ஒரு மாசம் முன்னால் டெட்டனஸ் ஊசி. பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்தில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். பசுவுக்குப் போல அப்புறம் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. வெள்ளைப் பைக்குப் பதிலாகச் சிவப்பாக, வெல்வெட் மாதிரி ஒரு பை முதலில் வந்தால் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கிழித்துவிடுங்கள், குட்டிக்கு மூச்சு இல்லாமல் போகும். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். மாட்டுக்கு நஞ்சு விழ அரை நாள்கூடப் பொறுப்போம். குதிரைக்கு மூன்று மணி நேரம் தாண்டினாலே அவசரம். விஷம் ஏறிக் குளம்பு கழலும் அளவுக்குப் போகலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி யார் ஓட்டுவார் என்பதுவரை முன்பே பேசி வைக்க வேண்டும், ஏனென்றால் குதிரைகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும்.

கடைசியாக, பிறக்கிற குட்டி எங்கே போகும்? பாதிக்குப் பாதி ஆண் குட்டிதான். பதிவில்லாத, கால் கோணலான ஆண் குட்டியை நல்ல விலைக்கு வாங்க ஆள் வருவார் என்று உங்களிடம் சொல்கிறவர், தானே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித் தருவாரா, கேட்டுப் பாருங்கள். குதிரை 25 வருஷம், நன்றாகப் பார்த்தால் 30 வருஷம்கூட வாழும். ஊட்டித் தெருக்களில் சவாரிக்கு ஆகாது என்று விட்டுவிட்ட குதிரைகள் குப்பைத் தொட்டியில் தீனி தேடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றையும் யாரோ ஒருவர் விலை போகும் என்று நம்பித்தான் பிறக்க வைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்குவதில்லை. ஆண் குட்டியாக இருந்தால் ஒரு வயசு வாக்கில் காயடித்து, சவாரி பழக்கி, வாங்க ஆள் இல்லாவிட்டாலும் நானே வைத்துக்கொள்வேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால்தான் குட்டி எடுக்கும் பேச்சையே எடுக்க வேண்டும்.

குட்டி ஆசை விடவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டுக்கும் பதிவும் டிஎன்ஏவும் உள்ள, பால் மறந்த ஒரு பெண்குட்டியை வாங்குங்கள். ஒரு வருஷச் சினைச் செலவு, பொலிகட்டணம், ஸ்கேன், ஊசி, ராத்திரி ஓட்டம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் அது ஒன்றும் கூடுதல் செலவாக இருக்காது. வாங்கும்போது பேப்பரில் இருக்கும் சுழியும் முத்திரை எண்ணும் குட்டியோடு பொருந்துகிறதா என்று நீங்களே நின்று சரிபாருங்கள். பேப்பர் ஒரு குதிரைக்கும் குதிரை வேறொன்றாகவும் இருப்பது நடக்கிறது.

இப்போது உங்கள் குதிரையை நிறுத்தி, சமதளத்தில், முன்னாலிருந்து முட்டி உயரத்துக்குக் கேமராவை இறக்கி இரண்டு முன்னங்கால்களையும் ஒரு படம். நேராக உங்களை நோக்கி நடந்து வரும்போது ஒரு வீடியோ. உதட்டைத் தூக்கி முன்பல் ஒரு படம். மூன்றையும் அனுப்பி வையுங்கள், கடைசியாக லாடம் அடித்த தேதியையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு, கோணல் குளம்பு வெட்டில் சரியாகிற வகையா இல்லையா என்று சொல்கிறேன்.